பாரூக் பாய் பெயருக்கு எதிரே ஒரு சொல்

குற்றச்சாட்டு: 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, திண்டுக்கல் பேகம்பூரில் வசிக்கும் மு. முகமது பாரூக் என்பவருடைய பெயருக்கு எதிரே, அவர் செய்யாத செயலுக்குரிய ஒரு சொல் காவல் நிலையப் பதிவேட்டில் எழுதப்பட்டது. எழுதியவர் அதன் பொருளை அறிந்திருக்கவில்லை. எழுதப்பட்டவருக்கு அது விளக்கப்படவில்லை. இன்றுவரை நீக்கப்படவும் இல்லை.

நலமா என்று கேட்பவர்களுக்கு பாரூக் பாய் சொல்லும் பதில் இது. வரி பிசகாமல், குரலை உயர்த்தாமல், கை வேலையை நிறுத்தாமல் சொல்வார். முடித்துவிட்டு, "மத்தபடி சொகந்தேன்" என்பார்.

கை வேலை என்பது தோல் தரம் பிரிப்பது. தோல் மண்டியின் முன்கட்டில், உப்புத் தடவிய ஆட்டுத்தோல்கள் குவிந்து கிடக்கும் இடத்தில், முப்பத்தொரு வருடமாக அவர் நிற்கிறார். ஒரு தோலை எடுத்து உதறுவார். உள்பக்கத்தில் உள்ளங்கையை ஒரே இழுப்பாக ஓட்டுவார். வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குவார். பிறகு நான்கு குவியல்களில் ஒன்றில் அது போய் விழும். கழிவுக் குவியலில் விழுந்தால், கொண்டுவந்தவருக்குக் காரணம் சொல்லாமல் விடமாட்டார். "இது முள்ளுக் கீறல். இது உண்ணி கடிச்ச எடம். இந்தா, இது உரிச்ச ஆளோட கத்தி. ஆட்டுமேல குத்தமில்ல, பாத்துக்கங்க."

வயது ஐம்பத்தாறு. படித்தது எட்டாம் வகுப்பு. அதற்குமேல் படித்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கியவை. அவற்றில் தண்டனைச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்றும், அட்டை இல்லாத ஆங்கில அகராதி ஒன்றும் முக்கியமானவை. மண்டியிலிருந்து வந்த உடுப்போடு அவர் எந்தக் காகிதத்தையும் தொடுவதில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் மையைக் கலைக்கும். கிணற்றடியில் முழங்கைவரை தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் கோப்புகளைப் பிரிப்பார். அந்தச் சட்டை பெருநாளுக்கும் கோப்புகளுக்கும் மட்டுமே வெளியே வரும். அவருடைய மனைவி தாஹிரா அதற்கு 'கேஸு சட்டை' என்று பெயர் வைத்திருக்கிறார்.

இந்தக் கோப்புகளுக்கெல்லாம் தாய் ஒரு கரும்பலகை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருவுக்குக் குடிநீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் நல்ல காலம். எந்த நாள், எந்த நேரம் என்று எவருக்கும் தெரியாது. வேலைக்குப் போகும் பெண்கள் குடத்தோடு காத்திருந்தே அரை நாள் கூலியை இழந்தார்கள். பாரூக் பாய் வால்வு திறக்கும் ஆளோடு பழகினார். எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெரு என்ற வரிசையைப் புரிந்துகொண்டார். தெருமுனைச் சுவரில் மூன்றடிக்கு நான்கடியாகக் கறுப்புச் சாயம் அடித்து, தண்ணீர் வரக்கூடிய நாளையும் நேரத்தையும் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தார். பத்துக்கு எட்டு முறை சரியாக இருந்தது. எழுதியதன் கீழே கையெழுத்து, தேதி, மணி மூன்றும் போடுவார். அதோடு நில்லாமல், எழுதியதை அப்படியே இருநூறு பக்க நோட்டு ஒன்றில் படியெடுத்தும் வைத்தார். அழிந்துபோகும் எழுத்துக்குச் சாட்சி வேண்டும் என்பது அவர் கட்சி.

1994 ஆகஸ்டு 9ஆம் தேதியோடு பதினேழு நாளாகத் தண்ணீர் வரவில்லை. எழுதத் தண்ணீர் வரும் நேரம் என்று ஒன்று இல்லாததால் பலகையில் நாள் கணக்கு ஏறியது. கணக்கோடு சேர்ந்து கருத்தும் ஏறியது. பதினோராம் நாள் பலகையில், 'தண்ணீர் தராத ஆட்சிக்கு நாம் எதற்குக் கட்டுப்பட வேண்டும்?' என்று இருந்தது. பதினேழாம் நாள், 'தண்ணீர் வரும்வரை தண்ணீர் வரி கட்ட வேண்டாம்' என்று இருந்தது. அன்று காலை யாரோ பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். தண்ணீர் அலுவலகத்தைக் கொளுத்தச் சொல்லி அதில் எழுதியிருந்ததாகக் காவல் நிலையத்துக்குச் செய்தி போயிற்று. அந்த நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாரூக் பாய் நோட்டோடு போனார். கொளுத்து என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். இனிமேல் தண்ணீர் நேரம் மட்டும் எழுதினால் போதும், போய்விட்டு வாருங்கள் என்று சொல்லியும் விட்டார். நோட்டு மட்டும் மேசையில் இருக்கட்டும் என்றார்.

அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. பேகம்பூரில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார்கள்.

பாரூக் பாய் எழுந்திருக்கவில்லை. மண்டியில் ஒரு தோல் கை மாறினாலும் சீட்டு எழுதாமல் விடுவதில்லை. அந்தப் பழக்கத்தில், "நோட்டுக்கு ஒரு ரசீது குடுத்துருங்க சார். என்ன காரணத்துக்காக எடுத்துக்கிட்டீகங்கறதையும் அதுலயே எழுதிருங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். இரண்டாவது முறை கேட்டபோது சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தரிடம், "பாய்க்கு எழுத்துல வேணுமாம்ய்யா. எழுதிக் குடு" என்றார்.

ஒரு நோட்டைக் கைப்பற்றக் காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு பிரிவு வேண்டும். எழுத்தர் பக்கங்களைப் புரட்டினார். பதினோராம் நாள் வரியில் விரல் நின்றது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துப் பார்த்து, ரசீதில் பிரிவு 124-ஏ என்று எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதினார்: இராஜத்துரோகம்.

ரசீதில் இருப்பது பதிவேட்டிலும் இருக்க வேண்டும் என்று அங்கேயும் அதையே எழுதினார்; பதிவேட்டில் ஏறியதும் அது வழக்காயிற்று, கைதாயிற்று. ஜாமீன் கிடைக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் சிறையில். குற்றப்பத்திரிகை வரவே இல்லை. இந்தக் குற்றத்துக்கு மேலிடத்து அனுமதி இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது. அனுமதியை யாரும் கேட்கவும் இல்லை. வழக்கு தானாக வற்றிப்போயிற்று. வற்றிப்போனது என்று சொல்லும் காகிதம் மட்டும் பிறக்கவில்லை. ரசீது அவரிடம் இருக்கிறது. நோட்டு திரும்பவில்லை. தாஹிரா சண்டை என்று வந்தால் இதைத்தான் முதலில் எடுப்பார்: "உங்களை எந்தப் போலீஸும் உள்ள வைக்கல. உங்க ரசீதுதான் வச்சுது."

அவர் அதை மறுப்பதில்லை.

சிறையிலிருந்து வந்த மறுவாரமே அந்தச் சொல்லைப் படிக்கத் தொடங்கினார். முதலில் சட்டம். சட்டத்தில் துரோகம் என்ற பேச்சே இல்லை. சட்டப்படி நிறுவப்பட்ட அரசின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ அன்பின்மையையோ தூண்டுதல் என்று இருந்தது. அன்பின்மை என்ற இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டார். தெருவின் கோடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் அருள்நாதனிடம் போய்க் கேட்டார். அவருடைய மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பவர் அருள்நாதன். அவற்றைக் கிண்டல் செய்யும் உரிமையும் அவருக்கே உண்டு.

"கேஸு இதுதான் அருளு. எனக்குக் கவர்மெண்டு மேல மொகப்பத்து இல்லையாம்."

"இருக்கா பாய்?"

"பதினேழு நாளா தண்ணி இல்லாதப்ப எப்படிப்பா இருக்கும்?"

"அப்ப ஒத்துக்கிட்டீங்க. பதினொரு நாளு கம்மி."

கிண்டலோடு போகவில்லை. சட்டப்பிரிவின் அடியிலேயே விளக்கம் இருப்பதை அருள்நாதன்தான் வாசித்துக் காட்டினார். அரசின் நடவடிக்கைகளைச் சட்ட வழியில் மாற்றச் செய்யும் நோக்கத்தோடு, வெறுப்பைத் தூண்டாமல், கண்டித்துப் பேசினால் அது இக்குற்றம் ஆகாது. உச்ச நீதிமன்றம் 1962இல் இன்னும் ஒரு படி இறங்கிச் சொல்லியிருந்தது: வன்முறையைத் தூண்டாத, பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமில்லாத பேச்சு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்தப் பிரிவுக்குள் வராது. பாரூக் பாய் இரண்டையும் தாளில் எழுதி, தன்னுடைய பலகை வரிகளை ஒவ்வொன்றாக அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார், தோலை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல. வரி கட்ட வேண்டாம் என்ற வாக்கியம் தேறியது. பதினோராம் நாள் வாக்கியத்தில் நெடுநேரம் தயங்கினார். "அது ரெண்டாம் தரந்தான்" என்று இன்றும் சொல்வார். "கட்டுப்படுறதப் பத்திப் பேசியிருக்கக் கூடாது. கோவத்துல எழுதுனது. ஆனா கழிவு இல்ல."

தண்ணீர் விடும் அலுவலகமும், சட்டம் சொல்லும் அரசும் ஒன்றா என்பது அவருடைய இன்னொரு கேள்வி. இதைக் கேட்டு இதுவரை மூன்று வக்கீல்கள் டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள்.

சட்டத்துக்கு அப்பால், அந்தச் சொல்லை மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு. யார் சொன்னார், எங்கே, எதைப் பற்றி, தேதி. வேறு கடைக்கு மாறிப்போன பரோட்டா மாஸ்டரை முதலாளி ராஜத்துரோகி என்று ஏசியது அதில் உண்டு. கூட்டணி மாறிய கட்சியை மேடையில் திட்டியது பதினெட்டு முறை பதிவாகியிருக்கிறது. ஒரு நாள் வெளியே பிரியாணி தின்றுவிட்டு வந்தவரை தாஹிரா, "நான் ஆக்குன சோத்துக்கு ராஜத்துரோகம் பண்ணிட்டு வாரீங்களாக்கும்" என்று கேட்டதையும், பசி இல்லை என்று சொல்லிப் போய் உட்கார்ந்து, தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். தெருவில் பலர் அதைத் தேசத்துரோகம் என்றே சொன்னார்கள். தேசம் வேறு, அரசு வேறு, தண்ணீர் அலுவலகம் வேறு என்று அவர் எடுத்துச் சொன்னால், கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மறுநாளும் தேசம் என்றே சொன்னார்கள்.

1998 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்த பிறகு அந்த நோட்டில் வேடிக்கையான பதிவுகள் இல்லை. பேகம்பூரில் அந்தச் சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டிய யாரோ அவருடைய பெயரைக் கண்டுகொண்டார்கள். ஏதாவது ஒரு பதற்றமான நாள் வந்தால், முந்திய மாலையே ஒரு காவலர் வந்து கூப்பிட்டுப் போவார். நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்து, மறுநாள் சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றால், சும்மா பேசத்தானே பாய் என்பார்கள். இப்படிப் பதினான்கு முறை. பதினான்குக்கும் தேதி உண்டு. ஒன்றுக்கும் காகிதம் இல்லை. அந்த வருடங்களில் அவர் தெருவில் நடந்து வந்தால், முன்பு பலகையைப் பார்த்துவிட்டுக் குடம் எடுத்த சிலர், பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். அதை அவர் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

இவ்வளவும் தன்னோடு போகும் என்றுதான் நினைத்திருந்தார். 2008இல் அது அவருடைய மகளிடம் வந்தது.

நுஸைபாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அருள்நாதனின் இன்ஸ்டிடியூட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உயர்நிலைத் தட்டச்சு முடித்தவர். விசைகளைப் பார்க்காமல், பேசிக்கொண்டே அடிப்பார். அரசுத் தேர்வு எழுதி, தட்டச்சர் வேலைக்குத் தேர்வானார். உடன் தேர்வான மற்றவர்களுக்கெல்லாம் பணி ஆணை வந்துவிட்டது. இவருக்கு மட்டும் போலீஸ் விசாரணை அறிக்கை வரவில்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அடுத்த பெயரை எடுத்துக்கொள்வார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என்ன தடை என்று விசாரித்ததில், தந்தையைப் பற்றிய கட்டத்தில் ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

பாரூக் பாய் கேஸு சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் காவல்துறைக்கு ஒரு மனு எழுதினார். என் பெயருக்கு எதிரே உள்ள அந்தச் சொல் எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில், யாரால் எழுதப்பட்டது? எழுதியவர் அதற்கு என்ன பொருள் கொண்டார்? இன்றும் அதே பொருளில்தான் அது அங்கே இருக்கிறதா? அருள்நாதன் அடித்து முடித்துத் தாளை உருவும்போது, இரண்டாவது கேள்விக்குக் கடவுள்தான் பதில் எழுத வேண்டும் என்றார். பத்து ரூபாய்க் கட்டண வில்லை ஒட்டி மனு போயிற்று; முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்பது சட்டம்.

இருபத்தோராம் நாள், ஒரு ஞாயிறு காலை, நல்லுசாமி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், ஏட்டு, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த நாட்களில் பாரூக் பாய்க்குத் தன் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து பங்கு கொடுத்தவர். ஒரு கையில் விசாரணைப் படிவம், மறு கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். தாஹிரா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்வாசலில் நின்றார். நுஸைபா நின்றபடியே இருந்தார்.

"ஏனுங்க பாய், புள்ளைக்கு நல்லது நடக்கோணுமல்லங்க" என்று நல்லுசாமி தொடங்கினார். அவர் சொன்னது இவ்வளவுதான். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அந்தத் தாளில் பாரூக் பாய் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், தந்தை பற்றிய கட்டத்தை அவர் காலியாக விட்டு அறிக்கையை நாளைக்கே அனுப்புவார். மகளுக்கு ஆணை வந்துவிடும். மனு நிலுவையில் இருந்தால் பதிவேட்டை எடுத்தாக வேண்டும். எடுத்தால் அதில் இருப்பதை எழுதியாக வேண்டும். "எழுத்துல கேட்டீங்கன்னா எழுத்துலதானுங்க வரும். அதேதான் வரும்."

பாரூக் பாய் தாளை இரண்டு முறை வாசித்தார். தாஹிரா, "போட்டுருங்க. இம்புட்டுக் காலம் கேட்டது போதும்" என்றார். அவருடைய குரலில் சண்டை இல்லை. பாரூக் பாய் பேனாவைத் திறந்தார். தேதியை எழுதினார். பெயரின் முதல் எழுத்தை எழுதப்போகும் இடத்தில் பேனா நின்றது.

நுஸைபா கேட்டார்: "அந்தக் கட்டத்துல என்ன சார் எழுதுவீங்க?"

"ஒண்ணுமே எழுத மாட்டேன் கண்ணு. வெறுமனே வுட்டுருவேன்."

"வெறுமனே விட்டா, பின்னாடி எவராச்சும் நிரப்புவாங்க. எனக்கு புரமோஷன் வர்றப்ப ஒருத்தர். டிரான்ஸ்பர் கேட்டா ஒருத்தர். நான் முப்பது வருசம் இந்தப் பாரத்தத்தான சார் அடிக்கப்போறேன்." தந்தையின் பக்கம் திரும்பி, "போடாதீங்கத்தா" என்றார்.

"வேல கை வுட்டுப் போச்சுன்னா?" என்றார் நல்லுசாமி.

"ஏன் போச்சுன்னு கேட்டு ஒரு மனு போடுவோம். நானே அடிப்பேன்."

உள்வாசலில் தாஹிரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. "அத்தாவுக்கு ஏத்த மக" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனார்.

பாரூக் பாய் தேதி மட்டும் எழுதிய தாளை நான்காக மடித்து நல்லுசாமியிடம் திருப்பிக் கொடுத்தார். நல்லுசாமி கோபப்படவில்லை. படிவத்தை முழங்காலில் விரித்து, மற்றக் கட்டங்களையெல்லாம் நிரப்பினார். கடைசியாகத் தந்தையைப் பற்றிய கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். பதிவேட்டை நேற்றே பார்த்துவிட்டதாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கையெழுத்தும் இல்லை, வழக்கு எண்ணும் மங்கிப்போயிருக்கிறது, இதில் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

"நீங்கதானுங்க இதப் படிச்ச ஆளு. நீங்களே சொல்லுங்க பாய். என்னத்த எழுதட்டும்?"

பதினான்கு வருடத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அந்த ஒரு வரியை அவர் இருபது விதமாக எழுதிப் பார்த்து வைத்திருக்கிறார். அடுத்த அறையில், கைக்கெட்டும் தூரத்தில், தேதி வாரியாக இருக்கிறது. நுஸைபா அந்த அறைப் பக்கம் பார்த்தார்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க" என்றார் பாரூக் பாய். "நான் சொன்னா அது என் எழுத்தாப் போயிரும். பதிவேட்டப் பாத்தீங்கள்ல, என்னையும் பாத்துருக்கீங்க. உங்களுக்குச் சரின்னு பட்டத எழுதுங்க. ஆனா எழுதுங்க. என் மனுவுக்கும் அப்படியே. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. எழுத்துலதான் பதில் வேணும்."

நல்லுசாமி பேனாவைக் கட்டத்தின்மேல் கொண்டுபோனார். பாரூக் பாய் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி, இரண்டடி தள்ளி, படிவம் கண்ணில் படாதபடி சுவரைப் பார்க்கப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.